மாம்பலமா, ஓ.எம்.ஆரா, கூடுவாஞ்சேரியா? பகலில் வீட்டில் இருப்பவரை வைத்து முடிவெடுங்கள்

சென்னையில் வீடு வாங்கப் புறப்படும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கையில் உள்ள தொகைக்கு ஏறக்குறைய மூன்று விதமான வீடுகள் அமையும். மேற்கு மாம்பலம், மந்தைவெளிப் பக்கம் 1990-களில் கட்டிய, லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் 700, 750 சதுர அடி ஃபிளாட். அல்லது ஓ.எம்.ஆர். என்ற பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர், சிறுசேரிப் பக்கம் நீச்சல் குளமும் கிளப் ஹவுஸும் உள்ள டவரில் 1,100, 1,200 சதுர அடி. இல்லையென்றால் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், ஒரு தனி வீடு.

மூன்றையும் ஒப்பிட உட்கார்ந்தால் சதுர அடி விலை, இ.எம்.ஐ., இன்னும் பத்து வருஷத்தில் விலை எவ்வளவு ஏறும் என்றுதான் கணக்குப் போடுகிறோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள், அவர்களுக்கு அங்கே என்ன இருக்கும் என்ற கேள்வி வருவதே இல்லை. சம்பாதிப்பவர் வார நாளில் வீட்டுக்கு வருவது சாப்பிடவும் தூங்கவும்தான். ஓய்வுபெற்ற அப்பா, முழங்கால் வலியோடு அம்மா, நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும் பிள்ளை, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் இவர்கள்தான் அந்த வீட்டில் வாழ்கிறார்கள். கடன் யார் பெயரில் இருந்தாலும், அதிக நேரம் இருப்பவருக்கு எது ஒத்துவருமோ அந்த வீட்டைத்தான் எடுக்க வேண்டும். மூன்று வாய்ப்புகளையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே பார்க்கலாம்.

பயண நேரம்

போக 75 நிமிடம், வர 75 நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு இரண்டரை மணி. வாரம் 5 நாள், வருஷத்துக்கு 48 வாரம் என்று வைத்தால் 600 மணி நேரம், அதாவது முழுசாக 25 நாள். இதுவே ஒரு வழிக்கு 25 நிமிடமாக இருந்தால் 200 மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் 400 மணி நேரமும் தூக்கத்துக்கும் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கும் அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போகவும் பயன்படும் நேரம்.

ஜெர்மனியில் பல ஆண்டுகளாக ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்பை வைத்து, அலோயிஸ் ஸ்டுட்சர், புரூனோ ஃபிரே என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்தார்கள். நீண்ட பயணம் செய்பவர்களுக்கு அதிகச் சம்பளமோ நல்ல வீடோ கிடைத்து அந்தக் கஷ்டம் சரிக்கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அப்படி நடக்கவில்லை, பயணம் நீள நீள வாழ்க்கையில் மனநிறைவு குறைந்துதான் இருந்தது. கூடுதலாக ஒரு அறை கிடைத்த சந்தோஷம் சில மாதத்தில் பழகிப்போகும். தினம் ஒரு விதமாக மாட்டிக்கொள்ளும் நெரிசல் பழகுவதில்லை.

தூரத்தைவிடப் பெரிய விஷயம், நேரத்தை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பது. கூடுவாஞ்சேரியிலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மழை பெய்தாலும் பெரும்பாலும் அதே ஒரு மணிதான், உட்கார இடம் கிடைத்தால் கண்ணயரலாம், சீசன் டிக்கெட் எடுத்தால் செலவும் மிகக் குறைவு. ஓ.எம்.ஆரில் 12 கிலோமீட்டர் ஒருநாள் 35 நிமிடமும் மறுநாள் 80 நிமிடமும் எடுக்கும். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடம் ஓ.எம்.ஆர். வழியாகத்தான் வருகிறது. வந்தால் நிலைமை மாறும். ஆனால் ரயில் ஓடத் தொடங்கும் நாள்வரை, விற்பனைப் பிரசுரத்தில் வரும் 'மெட்ரோ அருகில்' என்ற வரியை உங்கள் பயணக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

புறநகர் ரயிலிலும் இரண்டு சிக்கல் உண்டு. தாம்பரம் தாண்டினால் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துவிடும், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருப்பு நீளும். அடுத்தது, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் உள்ள தூரம். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் நடந்துவிடலாம். மூன்று, நான்கு கிலோமீட்டர் என்றால் பைக்கை ஸ்டாண்டில் போடுவது, ஷேர் ஆட்டோவுக்கு நிற்பது என்று ஒரு வழிக்கு 20 நிமிடம் கூடிவிடும். பகலில் வீட்டில் இருப்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் அந்த நான்கு கிலோமீட்டர் அவரை வீட்டோடு கட்டிப்போட்டுவிடும்.

பயணத்தை அளக்க ஞாயிற்றுக்கிழமை பில்டர் அனுப்பும் காரில் போகாதீர்கள். திங்களோ செவ்வாயோ, அந்த வீட்டு வாசலில் காலை 8 மணிக்கு நின்று புறப்பட்டு உங்கள் அலுவலக நாற்காலியில் உட்காரும்வரை நேரம் பாருங்கள். மாலை 6.30-க்குத் திரும்பும்போதும் அப்படியே. முடிந்தால் மழை நாளில் இன்னொரு முறை.

தண்ணீர்

வீட்டில் பகல் முழுக்க இருப்பவரின் நிம்மதியைத் தண்ணீர் அளவுக்கு வேறெதுவும் தீர்மானிப்பதில்லை. மோட்டார் எப்போது போடுவது, லாரி வந்ததா, இன்று துணி துவைக்கலாமா என்ற கவலையெல்லாம் அவர் தலையில்தான் விழும்.

நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கான இந்திய வரையறை, பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். 200 ஃபிளாட், வீட்டுக்கு 4 பேர் என்றால் 1,08,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் இது தினம் 9 லோடு. ஓ.எம்.ஆரின் தெற்குப் பகுதியில் பல வளாகங்கள் போர் என்ற ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியே ஓடுகின்றன. 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது லாரிக்கு நாள் கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. எனவே மாடல் ஃபிளாட்டைப் பார்ப்பதற்கு முன் அசோசியேஷன் அலுவலகத்துக்குப் போய், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களின் லாரித் தண்ணீர் பில்லைக் கேளுங்கள். ஜனவரி பில்லைக் காட்டினால் பிரயோஜனம் இல்லை, மழைக்குப் பின் போரில் தண்ணீர் நன்றாகவே இருக்கும். பில்லைத் தர மறுத்தால் வாட்ச்மேனிடம் மே மாதத்தில் தினம் எத்தனை லாரி வரும் என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார். மெயின்டெனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய் என்றால் 1,200 சதுர அடிக்கு மாதம் 4,800 ரூபாய். லாரிச் செலவு அதற்குள் அடங்குமா, கோடையில் தனியாக வசூலிப்பார்களா என்பதையும் அதே இடத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து தண்ணீரின் தன்மை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் இரண்டிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. 'சாஃப்ட்னர் போட்டிருக்கிறோம்' என்று சொல்வார்கள். சாஃப்ட்னர் கடினத்தன்மையைத்தான் குறைக்கும், உப்பு அளவு அப்படியே இருக்கும். அதற்குள் இருக்கும் பிசினை உப்புக் கரைசல் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் சுணங்கினால் ஷவர் துளைகள் அடைத்து, கீசர் காயிலில் வெள்ளைப் பொருக்கு கட்டிச் சில வருஷத்தில் காயில் போகும்.

பழைய நகரப் பகுதியில் மெட்ரோ வாட்டர் என்ற குடிநீர் வாரியத்தின் தெருக்குழாய் இணைப்பும் தரையடித் தொட்டியான சம்பும் இருப்பது பெரிய பலம். ஆனால் குழாய்கள் பழையவை. சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் பக்கத்தில் ஓடும் தெருவில், தண்ணீர் விட்ட முதல் சில நிமிடம் நாற்றம் வருகிறதா என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். புறநகர்த் தனி வீட்டில் போர் உங்களுடையது, யாரோடும் பங்கில்லை. அங்கே உப்பு தெருவுக்குத் தெரு மாறும் என்பதால், பக்கத்து மனையின் தண்ணீரை மே மாதத்தில் பரிசோதிப்பதுதான் சரியான வழி.

கழிவுநீரையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டவர் வளாகங்களில் தனியே ஒரு சுத்திகரிப்பு நிலையம், எஸ்.டி.பி., இருக்கும். அதில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்றூதி இடைவிடாமல் காற்று கொடுக்க வேண்டும். மின்செலவை மிச்சம் பிடிக்க இரவில் அதை நிறுத்தினாலோ, வீடுகளில் ஃபினாயிலையும் ஆசிட்டையும் அள்ளி ஊற்றினாலோ நுண்ணுயிர் செத்து, இரண்டு நாளில் வளாகமே நாறும். எஸ்.டி.பி.க்கு நேர்மேலே உள்ள முதல் இரண்டு மாடிகளைத் தவிர்ப்பது நல்லது, மோட்டார் அதிர்வும் அங்கேதான் தெரியும்.

படிக்கட்டும் நடை தூரமும்

மாம்பலம் ஃபிளாட்டின் அருமை அதன் வாசலுக்கு வெளியே இருக்கிறது. மருந்துக் கடை, காய்கறி வண்டி, கோயில், நூலகம், பஸ் ஸ்டாப், ரத்தப் பரிசோதனை நிலையம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள். எழுபது வயதுக்காரர் யாரையும் எதிர்பார்க்காமல் காலையில் பால் வாங்கி, கோயிலுக்குப் போய், தெரிந்தவர் நாலு பேரிடம் பேசிவிட்டு வரலாம். முதுமையில் உடம்பும் மனசும் தெம்பாக இருக்க இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

ஆனால் இதையெல்லாம் படிக்கட்டு பறித்துவிடும். ஒரு மாடிக்கு ஏறக்குறைய 18 படி, மூன்றாம் மாடிக்கு 54. ஒரு முறை பாலுக்கு, ஒரு முறை மாலை நடைக்கு என்று இறங்கினால் தினம் 108 படி ஏற்றம், 108 படி இறக்கம். முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வலி. முதலில் இரண்டு முறை இறங்கியவர் ஒரு முறையாக்குவார், பிறகு வாரத்துக்கு ஒருநாள், கடைசியில் டாக்டரிடம் போக மட்டும். கைப்பிடி ஆடுகிறதா, படியின் உயரம் ஒரே சீராக இருக்கிறதா, திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று ஏறி இறங்கிப் பாருங்கள். ஆம்புலன்ஸ் ஆட்கள் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வரும்படி ஆகும் திருப்பங்கள் பழைய கட்டடங்களில் நிறைய. ஆகவே பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இங்கே தரைத்தளம் அல்லது முதல் மாடி, அதற்கு மேல் என்றால் லிஃப்ட் உள்ள கட்டடம் மட்டுமே. இதில் சமரசம் வேண்டாம். கார் நிறுத்தத் தரைத்தளத்தை விட்டுக் கட்டிய கட்டடத்தில் 'முதல் மாடி' என்று சொல்வதும் ஒரு மாடி ஏற்றம்தான் என்பதை மறக்காதீர்கள்.

பழைய கட்டடத்தின் உடல்நிலையையும் பார்த்துவிட வேண்டும். பால்கனியின் அடிப்பக்கத்திலும் குளியலறைக் கூரையிலும் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? கடற்காற்று படும் இடத்தில் கம்பி துருவேறி உப்பி, காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். மேலே சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தால் இரண்டு மழைக்குத் தாங்காது, கம்பிவரை உடைத்துத் துருவை நீக்கித்தான் சரிசெய்ய வேண்டும். பத்திரத்தில் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு, எவ்வளவு என்றும் பாருங்கள். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் 8 ஃபிளாட் என்றால் சராசரியாக 300 சதுர அடி நிலம் உங்கள் பங்கு. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானத்துக்கு வழியுண்டு. அந்த நாளில் கையில் நிற்பது இந்த நிலப்பங்குதான்.

டவரில் லிஃப்ட் உண்டு, சரிவுப் பாதை உண்டு, பிள்ளைகள் வண்டி பயமில்லாமல் கீழே விளையாடலாம். பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இது உண்மையிலேயே பெரிய வரம், பழைய நகரத்துத் தெருவில் இது கிடைக்காது. பெரியவர்களுக்கும் மாலையில் பெஞ்சில் துணை கிடைக்கும். ஆனால் கேட்டைத் தாண்டினால் கறிவேப்பிலை வாங்கக்கூட செயலியில் ஆர்டர் போட வேண்டும் அல்லது வண்டி வேண்டும்.

வெள்ளம்

எந்தப் பக்கமும் தப்பவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்றின் மேற்பகுதியில் முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் மூழ்கின. 2021 நவம்பரில் தி. நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகள் தத்தளித்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டும். வழி குறுகல் என்பதால் ஓ.எம்.ஆரின் மேற்குப் பக்கம் வடிய நாளாகும்.

பன்னிரண்டாம் மாடிக்குத் தண்ணீர் வராது என்பது உண்மை. ஆனால் ஜெனரேட்டரும் மின்பலகையும் அடித்தளத்தில் இருந்தால் அவை முதலில் மூழ்கும். அதன்பின் லிஃப்ட் கிடையாது, மோட்டார் கிடையாது, குழாயில் தண்ணீர் கிடையாது. ஆக்சிஜன் கருவியோடு இருக்கும் பெரியவருக்கு அந்த மாடி ஒரு பொறி. ஜெனரேட்டரும் மின்பலகையும் சாலை மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா என்று நேரில் இறங்கிப் பாருங்கள். மாம்பலம் ஃபிளாட்டில் சம்பு மூடி தரையோடு தரையாக இருந்தால் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். மூடியின் விளிம்பை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டுவது சின்ன வேலைதான், அசோசியேஷன் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடுவாஞ்சேரி மனைக்கு, அரசின் இ-சேவைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேட்டையும் எல்லைகளைக் காட்டும் புலப்பட நகலையும் எடுத்து, வாய்க்காலோ ஏரிப் புறம்போக்கோ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டின் தளம் சாலையைவிட மூன்று அடியாவது உயரமாக இருக்கட்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது ஏறிக்கொண்டே வரும்.

வெயில்

பகலில் வீட்டில் இருப்பவருக்குக் கத்திரி வெயில்தான் பரீட்சை. சென்னையில் கடற்காற்று கோடை நாட்களில் மதியத்தை ஒட்டிக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வீசத் தொடங்கும். கரையிலிருந்து உள்ளே போகப் போக வந்து சேர நேரமாகும், வேகமும் குறையும். கிழக்கோ தெற்கோ ஜன்னலும் எதிர்ச் சுவரில் இன்னொரு திறப்பும் இருந்தால் நாலு மணிக்கே வீடு ஆறும். எதிரே 30 அடியில் இன்னொரு டவர் நின்றால் அந்தத் திசையால் பயனில்லை. புதிய டவர்கள் பலவற்றில் செங்கலுக்குப் பதில் முழுக்கக் காங்கிரீட்டில் வார்த்த சுவர்கள். மேற்கு வெயில் படும் அறையில் அந்தச் சுவரைத் தொட்டால் இரவு பத்து மணிக்கும் சுடும். மேற்கு மூலைப் படுக்கையறையைப் பெரியவருக்குக் கொடுக்கும்படி ஆகும் திட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். தனி வீட்டில் மொட்டை மாடிக்கு வெள்ளை ஓடு பதிப்பதும் மேற்கே மரம் வைப்பதும் உங்கள் கையில் இருக்கிறது.

தனிமை

வீடு நல்லதாகியும் வாழ்க்கை நல்லதாகாமல் போவதற்கு ஒரு தெளிவான சான்று அகமதாபாத்தில் இருக்கிறது. 1987-இல் குடிசைப் பகுதிப் பெண்களுக்குக் குலுக்கல் முறையில் நகரின் ஓரத்தில் மானிய வீடு கொடுத்தார்கள். 14 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, குலுக்கலில் வென்றவர்களில் 34 சதவீதம் பேர் அங்கே குடிபோகவே இல்லை, 32 சதவீதம் பேர் போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். குடும்ப வருமானமும் பிள்ளைகளின் நிலையும் வெல்லாதவர்களைவிட மேம்படவில்லை. அவசரத்துக்குக் கைமாற்று தர, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இருந்த உறவும் அக்கம்பக்கமும் மட்டும் தூரமாகிவிட்டன.

சென்னையில் கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்தபோதும் இதே வலிதான். பெரும்பாக்கம் நகரின் மையத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கும் மேல். வீட்டு வேலைக்குப் போகும் பெண் ஒருவர் காலையில் மூன்று வீடு முடித்துவிட்டு மதியம் பிள்ளைக்குச் சோறு போட வந்துவிட முடிந்த வாழ்க்கை, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வாழ்க்கையாகிவிட்டது. அவர்களைக் கேட்டு யாரும் இடத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள், தெரிந்த மனிதர்கள் எவ்வளவு தூரத்தில் இருப்பார்கள் என்பதைச் சதுர அடியோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

தனி வீட்டில் இந்த ஆபத்து அதிகம். பாதி மனைகள் காலியாகக் கிடக்கும் புது நகரில், காலை 9 முதல் இரவு 8 வரை ஒருவர் தனியாக இருப்பார். தெருவில் குறைந்தது பத்து வீட்டில் ஆள் குடியேறியிருக்கிறார்களா, இரவில் தெருவிளக்கு எரிகிறதா என்று எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

யாருக்கு எது

பெரியவர்கள் உடன் இருந்தால் பழைய நகரம், முதல் மாடிக்குள் அல்லது லிஃப்டோடு. 400 சதுர அடி குறைந்தாலும் அதுதான் சரி. இருவருக்கும் ஓ.எம்.ஆரிலேயே வேலை, சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் ஊரில் என்றால் அலுவலகத்திலிருந்து நான்கு கிலோமீட்டருக்குள், கோடைத் தண்ணீர் பில் திருப்தியாக இருக்கும் டவர். வேலை ரயில் தடத்தில் இருந்து, ஸ்டேஷனும் நடை தூரத்தில் இருந்து, தெருவும் நிறைந்திருந்தால் கூடுவாஞ்சேரித் தனி வீடு மூன்றிலும் இனிமையானது. இந்த மூன்று நிபந்தனைகளில் ஒன்று குறைந்தாலும் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஒருவருக்கு சிறுசேரியில் வேலை, இன்னொருவருக்கு அண்ணா சாலையில், கூடவே அம்மா என்ற குடும்பத்துக்குத்தான் விடை கடினம். நடுவில் ஏதோ ஓர் இடம் என்று பள்ளிக்கரணைப் பக்கம் எடுத்து மூவருக்கும் பாதிப் பாதியாக ஆக்கிக்கொள்வதைவிட, அம்மாவுக்கு ஏற்ற இடத்தை எடுத்து, அலுவலகப் பஸ்ஸில் போக முடிந்தவர் தூரத்தை ஏற்றுக்கொள்வது மேல்.

சந்தேகம் தீரவில்லை என்றால், வாங்க நினைக்கும் வளாகத்திலேயே 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். ஆகஸ்டில் குடிபோனால் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஏப்ரல், மே வெயிலும் அந்தப் பதினொரு மாதத்துக்குள் வந்துவிடும். வீட்டைக் காலி செய்வதற்கு முன் அம்மாவிடமும் பிள்ளையிடமும் கேளுங்கள்: போன வாரம் எத்தனை நாள் கீழே இறங்கினீர்கள், யாரிடம் பேசினீர்கள், எத்தனை நாள் தண்ணீருக்காகக் காத்திருந்தீர்கள் என்று. அட்வான்ஸ் கொடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.